நாய்க்குக் கைவைத்தியம்: ஒரு நாள் கெடு போதும்

மாடு ஒரு வேளை தீவனம் எடுக்கவில்லை என்றால் அன்று மாலைக்குள் கால்நடை மருந்தகத்துக்கு ஆள் போய்விடும். இரண்டு ஆடு கழிந்தால் பட்டியே பரபரக்கும். அதே தொழுவத்துக்கும் பட்டிக்கும் இரவெல்லாம் காவல் இருக்கும் நாய் இரண்டு நாளாக வாந்தி எடுத்துக்கொண்டு கிடந்தால் மட்டும், "புல்லைத் தின்று அதுவே சரிபண்ணிக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

நானும் அப்படித்தான் இருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் பட்டிக் காவலுக்கென்று மூன்று மாதக் குட்டி ஒன்றை வாங்கி வந்தேன். ஒரு நாள் காலையில் அது சோற்றைத் தொடவில்லை. மதியம் வாந்தி எடுத்தது. மாலையில் கழியத் தொடங்கியது. ஆளாளுக்குச் சொன்ன வைத்தியத்தை எல்லாம் செய்தேன். மோரில் மஞ்சள் கலக்கி ஊற்றினேன். பூண்டைத் தட்டிக் கொடுத்தேன். மருந்துக்கடையில் மனிதர்களுக்கான பேதி மாத்திரை வாங்கி, பாதியாக உடைத்து வாயில் போட்டேன். மூன்றாம் நாள் ரத்தமாகக் கழிந்தபோதுதான் தூக்கிக்கொண்டு மருந்தகத்துக்கு ஓடினேன். குட்டியின் ஈறு சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. பார்வோ வைரஸ் நோய் என்றார் மருத்துவர். தடுப்பூசி போட்டீர்களா என்று கேட்டார். போடவில்லை. அன்று இரவே குட்டி இறந்துவிட்டது.

கைவைத்தியத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நல்ல கைவைத்தியம் உண்டு. பெரும்பாலான வயிற்றுக் கோளாறுகள் அதிலேயே சரியாகிவிடும். நான் சொல்ல வருவது வேறு. நாய்க்கு எதைக் கொடுப்பது என்று கேட்கும் நாம், எதைக் கொடுக்கக் கூடாது, எத்தனை நேரம் காத்திருக்கலாம் என்று கேட்பதில்லை. உயிர் போவது பெரும்பாலும் இந்த இரண்டில்தான்.

தொடும் முன் ஒரு நிமிடம்

முதலில் உங்கள் உயிர். நாய் எச்சில் ஒழுக்குகிறது, தாடை தொங்குகிறது, தண்ணீரை விழுங்க முடியாமல் திணறுகிறது, குரைக்கும் குரல் மாறியிருக்கிறது, வழக்கத்துக்கு மாறாகச் சீறுகிறது அல்லது இருட்டில் போய் ஒடுங்குகிறது என்றால், "தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும்" என்று வாய்க்குள் கையை விடாதீர்கள். வெறிநோயும் இப்படித்தான் தொடங்கும். நாயைத் தனியே அடைத்துவிட்டு மருத்துவருக்குச் சொல்லுங்கள். கடித்தாலோ, கையில் இருக்கும் கீறலில் எச்சில் பட்டாலோ சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். அறிகுறி தோன்றிய பிறகு வெறிநோய்க்கு வைத்தியம் இல்லை.

அந்தச் சந்தேகம் இல்லை என்றால் நாயைச் சோதித்துப் பாருங்கள். மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாகவும் ஈரமாகவும் இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு வினாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். ஈறு கறுப்பாக உள்ள நாய்க்குக் கீழ் இமையின் உள்பக்கத்தைப் பார்க்கலாம். பிடரித் தோலைக் கிள்ளித் தூக்கிவிட்டால் உடனே படிய வேண்டும். கூடாரம் போல நின்றால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம் உடம்பைவிட அது சூடாகத்தான் இருக்கும் என்பதால், தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவு கட்ட முடியாது.

எடையும் தெரிந்திருக்க வேண்டும். நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் நின்று, பிறகு நீங்கள் மட்டும் நின்று, கழித்துப் பாருங்கள். மருத்துவரிடம் தொலைபேசியில் பேசினாலும் அவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று அதுதான்.

காத்திருக்கலாமா, கூடாதா?

வளர்ந்த நாய், தடுப்பூசி போட்டது, ஓரிரு முறை வாந்தி எடுத்தது அல்லது இளக்கமாகக் கழிந்தது, ஆனால் கூப்பிட்டால் எழுந்து வாலாட்டுகிறது, ஈறு நன்றாக இருக்கிறது என்றால் கைவைத்தியத்துக்கு 24 மணி நேரம் கொடுக்கலாம்.

கீழே உள்ளவற்றில் எது இருந்தாலும் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது:

* ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டி, சினை நாய், பால் கொடுக்கும் நாய், வயதான நாய்
* மலத்தில் ரத்தம், அல்லது தார் போலக் கறுத்த மலம்
* குடித்த தண்ணீரும் தங்காமல் வாந்தியாக வருவது
* வெளுத்த ஈறு, மஞ்சள் பூத்த கண்
* உடல் நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு
* வயிறு பறை போல உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராமல் தவிப்பது

கடைசியாகச் சொன்னதைச் சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் வளர்ப்பவர்கள் நன்றாக நினைவில் வைக்க வேண்டும். நெஞ்சு ஆழமான இன நாய்களுக்கு இரைப்பை காற்றடைத்து முறுக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம். அதற்கு அறுவை சிகிச்சைதான் வழி. சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். ஓமத் தண்ணீரும் சோடாவும் கொடுத்து ஏப்பம் வருமா என்று பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் அது அல்ல.

கொடுக்க வேண்டியவை

முதல் மருந்து தண்ணீர். வாந்தி எடுக்கும் வளர்ந்த நாய்க்கு 6 முதல் 12 மணி நேரம் உணவை நிறுத்தலாம். தண்ணீரை நிறுத்தக் கூடாது. ஒரே மூச்சில் குடிக்க விட்டால் திரும்ப வாந்தி எடுக்கும் என்பதால், கால் மணிக்கொரு முறை இரண்டு மூன்று கரண்டி வையுங்கள். வாந்தி இல்லாமல் கழிச்சல் மட்டும் என்றால் பட்டினி போட வேண்டியதே இல்லை. குட்டியை எந்தக் காரணத்துக்கும் பட்டினி போடக் கூடாது. ரத்தத்தில் சர்க்கரை இறங்கி மயங்கிவிடும்.

குழந்தைகளுக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொடியை, பாக்கெட்டில் சொன்ன அளவு தண்ணீரில் கரைத்து நாய்க்கும் வைக்கலாம். அது இல்லை என்றால், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்துகொள்ளுங்கள். மட்டமாக வழித்த தேக்கரண்டி. உப்பு கூடினால் கெடுதல். நலமாக உள்ள நாய்க்கே ஒரு நாளைக்குக் கிலோவுக்குச் சுமார் 50 முதல் 60 மி.லி. நீர் வேண்டும். 15 கிலோ நாய்க்கு முக்கால் லிட்டருக்குக் குறையாமல் உள்ளே போக வேண்டும். கழிச்சலில் போவதையும் அதனோடு ஈடுகட்ட வேண்டும். நாய் தானாக நக்கிக் குடிக்க வேண்டும். மாட்டுக்கு மூங்கில் குழாயில் ஊற்றுவது போலத் தலையை அண்ணாந்து பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். வயிற்று நோயோடு வந்த நாய் நிமோனியாவில் சாகும்.

அடுத்தது உணவு. வாந்தி நின்று சில மணி நேரம் ஆன பிறகு குழைய வடித்த பச்சரிசிச் சோறு இரண்டு பங்கு, தோலும் எலும்பும் நீக்கி வேகவைத்த கோழிக்கறி ஒரு பங்கு. கறி இல்லை என்றால் வேகவைத்த முட்டை. எண்ணெய், மிளகாய், மசாலா எதுவும் வேண்டாம். வழக்கமான ஒரு வேளை அளவில் கால் பங்கு வைத்து, நான்கு ஐந்து மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுங்கள். தோல் சீவி வேகவைத்து மசித்த மஞ்சள் பூசணி ஒரு கரண்டி சேர்த்தால் மலம் இறுகும். பால் வேண்டாம். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிக்காது; கழிச்சல் கூடும். புளிக்காத தயிர் அல்லது உப்பில்லாத நீர்மோர் பல நாய்களுக்கு ஒத்துக்கொள்ளும், ஆனால் அதையும் வாந்தி நின்ற பிறகு சிறிதாகத் தொடங்குங்கள். கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் நல்ல உணவுதான். நார் அதிகம் உள்ளவை என்பதால் வயிறு தேறும் வரை இரண்டு மூன்று நாள் தள்ளிவையுங்கள். மலம் இறுகிய பிறகு பழைய உணவைக் கால் பங்கு, அரைப் பங்கு என்று கூட்டிப் பழையபடி கொண்டுவரலாம்.

இவ்வளவுதான் கைவைத்தியம். ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஆனால் 24 மணி நேரத்தில் தேறவில்லை என்றால் கெடு முடிந்தது என்று பொருள்.

கொடுக்கக் கூடாதவை

மாடுகளின் கழிச்சலுக்கு மரபுவழி மூலிகை உருண்டை செய்து கொடுக்கிறோம். வெந்தயம், சீரகம், மஞ்சள், மிளகு, பெருங்காயம், கறிவேப்பிலையோடு வெங்காயமும் பூண்டும் அதில் சேரும். மாட்டுக்குப் பலன் தரும் அந்த உருண்டையைக் கிள்ளி நாய்க்கும் கொடுத்துவிடுகிறோம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். 10 கிலோ நாய்க்கு ஒன்றிரண்டு பெரிய வெங்காயமே ரத்தசோகையை உண்டாக்கப் போதும். பூண்டின் வீரியம் அதைவிட அதிகம். குழம்புச் சோற்றில் தப்பிக் கிடக்கும் ஒரு துண்டுக்குப் பதற வேண்டாம். மருந்து என்று நினைத்து அரைத்துக் கொடுப்பதை நிறுத்தினால் போதும்.

பாராசிட்டமால், டைக்ளோபினாக், ஐபுபுரூபன் ஆகிய மனித மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது. முதலாவது கல்லீரலைக் கெடுக்கும். மற்ற இரண்டும் இரைப்பையில் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். பேதியை நிறுத்தும் லோப்பரமைடு மாத்திரை, தொற்றோ விஷமோ வெளியேற வேண்டிய நேரத்தில் குடலைக் கட்டிப்போடும். மீந்துபோன ஆன்டிபயாடிக்கை அளவு தெரியாமல் கொடுப்பதும் அதே தவறுதான். பார்வோ வைரஸை எந்த ஆன்டிபயாடிக்கும் கொல்லாது. மருத்துவர் அதைக் கொடுத்தால், சிதைந்த குடல் வழியே ரத்தத்தில் ஏறும் பாக்டீரியாவைத் தடுக்கத்தான் கொடுப்பார். உயிரைக் காப்பது நரம்பு வழியாக ஏற்றும் நீரும் தொடர்ந்த கவனிப்பும்தான். அவற்றை வீட்டில் செய்ய முடியாது.

விஷம் தின்றதாகச் சந்தேகம் வந்தால் உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்பே விஷமாகும். பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து உள்ளே போன நாய் எச்சில் வழிந்து, கண்மணி சுருங்கி, கழிந்து, உடல் துடிக்கும். நேரத்தோடு கொண்டுபோனால் மாற்று மருந்து உண்டு. துத்தநாக பாஸ்பைடு என்ற எலிமருந்து தின்ற நாய்க்குச் சோறு வைக்கக் கூடாது; இரைப்பை அமிலம் கூடி நச்சு வாயு அதிகமாகக் கிளம்பும். அந்த வாந்தியை மூடிய அறையில் முகர்வது மனிதருக்கும் ஆபத்து. எலிமருந்துக் கட்டியில் இன்னொரு வகை, தின்ற மூன்று நாலு நாள் கழித்துத்தான் உடம்புக்குள் ரத்தக் கசிவை உண்டாக்கும். அதுவரை நாய் நன்றாகவே இருக்கும். எந்த மருந்து என்று பெயர் சொல்ல அட்டையையோ டப்பாவையோ கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

நம் களத்திலிருந்து வரும் நோய்

நாயின் வயிறு கெடுவதற்குப் பாதிக் காரணம் நாம் வைக்கும் உணவு. பூஞ்சணம் பிடித்த நிலக்கடலையும் மக்காச்சோளமும் புண்ணாக்கும் மாட்டுக்கு ஆகாது என்று ஒதுக்குகிறோம், நாய்க்குப் போடுகிறோம். அதில் இருக்கும் அஃபிளாடாக்சின் நச்சை மாட்டைவிட நாய் குறைவாகத்தான் தாங்கும். கல்லீரல் கெட்டு, மஞ்சள் பூத்து இறக்கும். கிடா விருந்து முடிந்த மறுநாள் தெருநாய் எல்லாம் வாந்தி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். மிஞ்சிய கொழுப்பு கணையத்தைத் தாக்கும். வெந்த எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும் அல்லது அடைக்கும்.

ஆட்டை அறுத்த இடத்தில் கட்டி விழுந்த ஈரலையும் நுரையீரலையும் நாய்க்கு வீசுவது இதையெல்லாம்விடப் பெரிய தவறு. அந்தக் கட்டிகளில் இருப்பது நாடாப்புழுவின் இளம்பருவம். அது நாயின் குடலில் வளர்ந்து, மலத்தோடு முட்டையாக மேய்ச்சல் நிலத்தில் விழுகிறது. ஆடு மேய்கிறது, மறுபடியும் கட்டி. குழந்தையின் கை வழியாக நம் வயிற்றுக்குள் போனால் நம் ஈரலிலும் கட்டி. ஆட்டின் மூளையில் நீர்க்கட்டி வளர்ந்து, தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரே பக்கமாக வட்டமடிக்கும் நோயும் பச்சையான ஆட்டுத்தலையைத் தின்ற நாய் வழியாக வருவதுதான். ஆகவே நாய்க்குக் குடற்புழு நீக்குவது நாய்க்குச் செய்யும் தயவு மட்டுமல்ல, நம் பட்டிக்கும் பிள்ளைகளுக்கும் போடும் வேலி. குட்டிக்கு இரண்டு வார வயதில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மூன்று மாதம் வரையும், பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறையும், அதன் பின் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் மருந்து கொடுக்க வேண்டும். நாடாப்புழுவுக்குப் பிராசிகுவான்டல் சேர்ந்த மருந்து என்று கேட்டு வாங்குங்கள். அறுத்த கழிவை ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள்.

பார்வோவைத் தடுக்கும் ஊசியைக் குட்டிக்கு 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை 16 வாரம் வரை போட வேண்டும். வெறிநோய் ஊசி மூன்று மாத வயதில். இரண்டுக்கும் அடுத்த ஊசி எப்போது என்று மருத்துவர் அட்டையில் எழுதித் தருவார். அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள். குட்டி பார்வோவில் இறந்த வீட்டுக்கு உடனே அடுத்த குட்டியைக் கொண்டுவரக் கூடாது. அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். செருப்பில் ஒட்டி அடுத்த வீட்டுக்கும் போகும். தரையையும் தட்டையும் பிளீச்சிங் கரைசலால் கழுவுங்கள். சாதாரண சோப்புக்கு அது சாகாது.

"இவ்வளவும் நாய்க்கா?"

இப்படி எழுதினால் எனக்குக் கிடைக்கும் பதில் தெரியும். மாட்டுக்கே செலவு செய்ய முடியவில்லை, மருந்தகம் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, வேலை நாளை விட்டுவிட்டு நாயைத் தூக்கிக்கொண்டு அலைவதா என்பீர்கள். நியாயமான கேள்வி. என்னிடம் உள்ள பதிலும் கணக்குதான். காவல் இல்லாத ஒரே இரவில் பட்டியிலிருந்து ஓர் ஆடு போனால் அந்த விலைக்கு எத்தனை தடுப்பூசி போட்டிருக்கலாம்? நான் மூன்று நாள் கைவைத்தியம் செய்து மிச்சம் பிடித்தது என்ன? குட்டியும் போனது, வாங்கிய மாத்திரைக் காசும் போனது. தொலைவு என்பதற்கும் ஓரளவு வழி இருக்கிறது. கால்நடை அவசர உதவிக்கு 1962 என்ற கட்டணமில்லா எண் உண்டு. மாட்டுக்கு அழைக்கும் அதே எண்ணில் நாய்க்கும் கேளுங்கள். வண்டி வராவிட்டாலும், இப்போதே கிளம்ப வேண்டுமா, காலை வரை பொறுக்கலாமா என்று கேட்டுத் தெரிந்துகொள்வதே பாதி உதவி.

விரிவாக்கப் பணியில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஊரில் கால்நடை முகாம் நடக்கிறது. மாட்டுக்குச் சினை ஊசி, ஆட்டுக்குக் குடற்புழு மருந்து, கோழிக்குக் கழிச்சல் தடுப்பூசி என்று எல்லாம் கிடைக்கிறது. வாசலில் படுத்திருக்கும் நாயை யாரும் கேட்பதில்லை. அந்த முகாமிலேயே நாய்க்கும் ஒரு வரிசை போடுங்கள்; குடற்புழு மருந்தும் வெறிநோய் ஊசியும் அங்கேயே முடியட்டும். ஓர் ஊரின் நாய்களில் 70 சதவீதத்துக்கு வெறிநோய் ஊசி போட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. ஜூலை 6, விலங்கு வழிப் பரவும் நோய்களுக்கான தினத்தில் கால்நடை மருந்தகங்களில் இலவசமாக ஊசி போடுகிறார்கள். அந்தச் செய்தியை ஒரு வாரம் முன்பே ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் பால் சொசைட்டி வாசலிலும் சொன்னால் போதும். விவசாயி நாயோடு வந்துவிடுவார்.

இப்போது என் பட்டியில் வேறொரு நாய் இருக்கிறது. ஊசி அட்டையும் எலிமருந்து டப்பாவும் எங்கே இருக்கின்றன என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். முதலாவது கைக்கு எட்டும் இடத்தில், இரண்டாவது எட்டாத இடத்தில். சென்ற மழைக்காலத்தில் ஒரு முறை அதற்கு வயிறு கெட்டது. கரைசல் வைத்தேன், கஞ்சிச் சோறு வைத்தேன், சுவரில் இருக்கும் நாட்காட்டியில் மணியைக் குறித்தேன். மறுநாள் அதே மணிக்குள் எழுந்து வாலாட்டியது. வாலாட்டியிருக்காவிட்டால் கிளம்புவதற்கு வண்டியில் சாக்கை விரித்து வைத்திருந்தேன். நீங்களும் இன்றைக்கே இரண்டு காரியம் செய்துவிடுங்கள். உங்கள் நாயின் எடையைப் பாருங்கள். கடைசியாக எப்போது ஊசி போட்டது என்று நினைத்துப் பாருங்கள். நினைவுக்கு வரவில்லை என்றால் நாளைக்கு மருந்தகத்துக்குப் போகும்போது மாட்டோடு நாயையும் கூட்டிக்கொண்டு போங்கள்.